மறுபடியும் ஓடப் போகிறீர்களா? கொஞ்சம் நிதானம்!



பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் 1500 மீட்டர் ஓடிப் பரிசு வாங்கியிருப்பீர்கள். பிறகு கல்யாணம், குழந்தைகள், வயல் வேலை, சிலை வார்க்கும் பட்டறை வேலை என்று பத்து வருஷம் போய்விட்டது. சம்பா அறுப்பு முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் பழைய ஆசை தலைதூக்குகிறது. "அப்ப ஓடினவன்தானே, இப்ப ஓட முடியாதா?" என்று விடியற்காலையில் சுவாமிமலையிலிருந்து காவிரிக் கரையோடு ஒரே மூச்சில் ஓடுகிறீர்கள். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிப் படுத்துவிடுகிறீர்கள். வீட்டில் கிடைக்கும் திட்டு தனி.

ஏன் இப்படி ஆகிறது? ஓட்டத்தை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே இருதயத்தின் பலமும் மூச்சின் பலமும் குறையத் தொடங்கும். மறுபடி பழகினால் அவை சில வாரங்களில் திரும்பிவரும். ஆனால் எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் தேறாது, மாதக்கணக்காகும். மூச்சு "ஓடு" என்கிறது, கால் "முடியாது" என்கிறது. காலின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். மேட்டூர் அணை திறந்ததும் காய்ந்து வெடித்த வாய்க்காலில் முழுத் தண்ணீரையும் முதல் நாளே விடுவார்களா? விட்டால் கரை உடைந்துவிடாதா? உங்களுக்குத் தெரியாததல்ல.

முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். அடுத்து ஒரு நிமிஷம் மெதுவாக ஓட்டம், நான்கு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம். இதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். வாரம் போகப்போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்கலாம். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதற்காகவே கணவனும் மனைவியும் சேர்ந்து போவது நல்லது. "ஏங்க, மெதுவாப் போங்க" என்று சொல்ல ஆள் வேண்டாமா!

நாற்று நட்ட நாளிலும் மூட்டை தூக்கிய நாளிலும் ஓட வேண்டாம். அதுவும் உடம்புக்கு வேலைதான். வரப்பில் ஓடினால் கணுக்கால் பிசகும். சமமான மண் பாதையே மேல். வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

தாய்மார்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பெயர்பெற்ற மாரத்தான் வீராங்கனை பாலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். சீக்கிரமே பயிற்சியைத் தொடங்கியதால் அவருடைய இடுப்பின் பின்புற எலும்பில் விரிசல் கண்டது. ஓய்வெடுத்துத் தேறி, அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்! பிரசவத்துக்குப் பிறகு நடை போதும். குறைந்தது 12 வாரம் கழித்துத்தான் ஓட்டத்தை நினைக்கலாம். சிசேரியன் என்றால் இன்னும் பொறுங்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கீழே இறங்குவதுபோல் கனத்தாலோ நிறுத்திவிட்டுக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாலூட்டும் தாய்மார்கள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் மார்பு கனக்காது.

கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கி முகம் வெளுக்கிறதா? இரத்தசோகை இருக்கலாம். இரத்தத்தைச் சோதித்து, கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுங்கள். அதைக் காப்பி, டீயுடன் விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

குடும்பநல அறுவை செய்துகொண்டால் ஆணுக்கு ஓடும் பலம் போய்விடும் என்பது திண்ணைப் பேச்சு. வாசக்டமியால் பலமும் குறையாது, ஆண்மையும் குறையாது. எத்தனை நாள் கழித்து ஓடலாம் என்பதை மட்டும் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"வயசாயிடுச்சு, கால் வேற அடிபட்டது" என்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 2021-ல் சுகாதாரத்துறை அமைச்சரான திரு. மா. சுப்பிரமணியன் 2004-ல் விபத்தில் முழங்கால் முறிந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் ஓடப் பழகி, 21 கிலோமீட்டர் ஓட்டத்தை நூறு தடவைக்கு மேல் முடித்திருக்கிறார். அதற்காக நாளைக்கே நீங்கள் கும்பகோணம் வரை ஓடிப் பார்க்க வேண்டாம்! நாற்பது வயது தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். ஓடும்போது மார்பு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நின்று 108-ஐக் கூப்பிடுங்கள்.

கெண்டைக்கால் முழுவதும் லேசாக வலித்தால் பயமில்லை. இரண்டு நாளில் போய்விடும். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தால் அது வேறு. எலும்பு விரிசலாக இருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்து நீவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலோ, அறுப்பு வேலையோ, ஊர்த் திருவிழாவோ வந்து இரண்டு வாரம் ஓட்டம் தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்பு ஓடியதில் பாதி தூரம் ஓடினால் போதும். காய்ச்சல் விட்டவுடன் ஓடவே கூடாது. பசி நன்றாக எடுத்து, வழக்கமான வேலைகளை அலுப்பில்லாமல் செய்ய முடிந்த பிறகு, மறுபடி நடையிலிருந்து ஆரம்பியுங்கள்.