ஸ்டோர் இருமலும் சுவாசக்குழாயின் சுவரும்

இழுப்பு நின்றால் நோயும் நின்றுவிட்டது என்ற நம்பிக்கை ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆஸ்துமாவில் சுவாசக்குழாயின் தசை இறுகி மீண்டும் தளர்வது உண்மையாதலால் இந்த எண்ணம் பாதி சரியானது. ஆபத்தும் அந்தப் பாதியிலேயே இருக்கிறது. ஒவ்வாமை தரும் பொருள் நெடுங்காலம் மூச்சோடு உட்சென்றால், குழாயைச் சுற்றி அதை இறுக்குகின்ற மழமழப்பான தசை பருமனாகிறது. உட்படலத்துக்குக் கீழே கொலாஜன் எனப்படும் நார்ப்புரதம் படிகிறது. சளி சுரக்கும் கிண்ணக் கலங்கள் பெருகுகின்றன. மறுவடிவாக்கம் எனப்படும் இந்த மாற்றம் இழுப்பு இல்லாத நாளிலும் அப்படியே இருக்கும். ஆஸ்துமாவால் இறந்தவர்களின் குழாய்ச் சுவர்களை அளந்து, அவை தடித்திருப்பதை 1922ஆம் ஆண்டிலேயே ஹூபர், கோஸ்லர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். காற்று சீராக ஓடும் குழாயின் ஆரை பாதியானால் அதன் தடை 16 மடங்காக உயர்வதால், சுவரில் ஏற்படும் சிறிய தடிப்பையும் அலட்சியப்படுத்த இயலாது.

ஸ்டோர் தூசியால் வரும் இருமல் சில மாதங்களில் பழகிப்போகும் என்பது ஸ்டோர் என்று அழைக்கப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் மற்றொரு கூற்று. காய்ந்த தேயிலையைச் சலிக்கும்போது, கொழுந்தின் மெல்லிய ரோமங்கள் பஞ்சுத்தூளாகப் பறந்து புருவத்திலும் தலைத்துணியிலும் சாம்பல் நிறத்தில் படிவதை அங்கு வேலை செய்யும் எவரும் அறிவர். கொழும்பில் பணியாற்றிய காஸ்டெல்லானியும் சால்மர்ஸும் 1919இல் வெளிவந்த தமது வெப்பமண்டல மருத்துவ நூலில் தேயிலைத் தொழிற்சாலை இருமலைக் குறிப்பிட்டனர். தேயிலையை மோந்து தரம் பார்க்கும் வேலையால் ஆஸ்துமா வந்த டீமேக்கர் ஒருவரைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இல் எழுதினார். தேயிலை கலக்கும் தொழிலாளர் 125 பேரை ஆராய்ந்து 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியும் ஆஸ்துமாவும் மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகம் எனக் காட்டியது. ஆகவே பழகிப்போவதாகத் தோன்றும் இருமல் தொழில் தந்த நோயாகவும் இருக்கக்கூடும்.

உயிரோடிருப்பவரின் குழாய்ச் சுவரை முழுமையாக வெட்டிப் பார்க்க முடியாதென்பதால், மறுவடிவாக்க மாற்றங்கள் படிப்படியாக எப்படி நிகழ்கின்றன என்பதை அறிய ஆய்வாளர் எலிகளையும் சுண்டெலிகளையும் நாடுகின்றனர். நுண்ணோக்கியில் சுவர் தடித்துத் தெரிந்தால் அது தடித்ததுதான் என்ற நம்பிக்கை இங்கே படித்தவர்களையும் ஏமாற்றிவிடுகிறது. மூங்கிலைச் சாய்த்து வெட்டினால் அதன் சுவர் உள்ளதைவிட அகன்று தோன்றுவது போல, சாய்வாக வெட்டப்பட்ட குழாயும் பொய்த் தடிப்பைக் காட்டும். அதனால் வெட்டுமுகம் ஏறக்குறைய வட்டமாக அமைந்த குழாய்களையே அளவுக்கு எடுக்க வேண்டும். காற்றிழந்து சுருங்கிய நுரையீரலில் எல்லாச் சுவரும் பருத்தே தெரியும் என்பதால், பெரும்பாலும் 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீரழுத்தத்தில் போர்மலின் செலுத்தி அதை விரித்து நிலைப்படுத்துகின்றனர். பெரிய குழாயில் தசை கூடுதலாக இருப்பது இயல்பே. ஆகவே தசையின் பரப்பை மட்டும் சொல்வதில் பொருளில்லை, குழாயின் அளவோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். ஆனால் தசை இறுகும்போது குழாயின் விட்டமே மாறிவிடுமானால் எதை அளவுகோலாகக் கொள்வது? கொசுவம் வைத்தாலும் சேலையின் நீளம் குறையாதது போல, தசை இறுகி உட்படலம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கினாலும் அதன் அடியிலுள்ள அடித்தள மென்சவ்வின் சுற்றளவு பெரிதும் மாறுவதில்லை. ஜேம்ஸ், பாரே, ஹொக் முதலியோர் 1980களின் இறுதியில் நிறுவிய இந்த உண்மையே இன்றைய அளவீடுகளுக்கு அடிப்படை. தசையையும், மேசன் சாயத்தில் நீலமாகத் தெரியும் கொலாஜனையும் அந்தச் சுற்றளவால் வகுத்துத்தான் ஒப்பிடுகின்றனர். அளப்பவருக்கு எந்தத் துண்டு எந்த எலியுடையது என்பது தெரியாதிருப்பதும் அவசியம். எதிர்பார்ப்பு கண்ணை எளிதில் வளைத்துவிடும்.

சுண்டெலிக்கு வந்தது மனிதனுக்கும் அப்படியே வரும் என்பதும் தவறு. சுண்டெலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை. முட்டை வெண்கருப் புரதத்தையோ வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியின் சாற்றையோ கொடுத்து ஆய்வாளர்தான் அதை உண்டாக்குகின்றனர். நுரையீரலுக்குள் செல்லும் சுண்டெலியின் குழாய்களில் குருத்தெலும்பும் சளிச்சுரப்பிகளும் கிடையா. சில நாட்களே நீடிக்கும் சோதனை அழற்சியைக் காட்டுமேயன்றிச் சுவரின் மாற்றத்தைக் காட்டப் போதாது என்பதால், 1998இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் 8 வாரங்கள் வரை ஒவ்வாமைப் பொருளை மூச்சில் செலுத்தும் முறையை அமைத்தனர்.

மலைக்காற்று ஆஸ்துமாவுக்கு மருந்து என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுவிற்சர்லாந்தின் தாவோஸ் நோயாளிகளுக்கு உதவுவதற்குக் காரணம், அங்குள்ள வறண்ட காற்றில் தூசிச் சிற்றுண்ணி பெருக முடியாததே. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் நுவரெலியாவின் காற்று ஈரமானது. ஜன்னல் குறைந்த லயத்தில் விறகுப் புகையும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

மூச்சுவழி மருந்து தரும் பம்ப் பழகிவிட்டால் விடமுடியாது என்ற அச்சமும், தாங்க முடியாதபோது பிடித்தால் போதும் என்ற எண்ணமும்தான் இவை எல்லாவற்றிலும் கூடுதலான தீங்கு செய்வது. ஒவ்வாமைக்கு உட்படுத்திய எலிகளுக்குப் புளூட்டிகசோன் என்ற ஸ்டீரொய்ட்டை மூச்சுவழி கொடுத்துச் சோதித்த பெல்ஜிய ஆய்வாளரின் 2001ஆம் ஆண்டு முடிவு, ஒவ்வாமைப் பொருளோடு சேர்த்தே மருந்து கொடுக்கும்போது குழாய்ச் சுவரின் மாற்றம் தடுக்கப்பட்டது, ஆனால் ஏற்கெனவே உண்டான மாற்றத்தை மருந்தால் திருப்ப முடியவில்லை என்பதாகும். எலியின் முடிவு மனிதருக்கான தீர்ப்பாகாது. எனினும் காத்திருப்பதற்கு விலை உண்டு என்ற எச்சரிக்கை அதில் தெளிவாக இருக்கிறது. சல்லடைப் பகுதியில் வேலை செய்வோர், வேலையில்லா நாட்களில் தம் இருமலும் இழுப்பும் குறைகின்றனவா என்பதைச் சில வாரங்கள் கவனித்து, குறைந்தால் அதைத் தோட்ட டிஸ்பென்சரியில் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். சொல்வதைக் கேட்பவர் அதைக் குறித்துக்கொண்டு நெஞ்சுநோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.