தணிவை நோக்கி ஒரு கூட்டுப் பயணம்

மாரிக்குப்பம் நிலையத்தில் விடியலுக்கு முன்பே இரயில் புறப்பட ஆயத்தமாகிறது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் பெங்களூரில் உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்புவதற்காக அதில் ஏறுகின்றனர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேரூன்றச் செய்த தங்கச் சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அதன்பின் பல குடும்பங்களின் பிழைப்பு இந்த இரயிலையே நம்பியதாயிற்று.

அதே இரயிலில், பரிசோதனை அறிக்கைகள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு, 1973-இல் தொடங்கப்பட்ட கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரும் அமர்ந்திருக்கலாம். அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பது யார்? இக்கேள்வி நம் சிந்தனைக்குரியது.

தணிவு என்பது யாது?

சிகிச்சைக்குப்பின் பரிசோதனைகளில் நோயின் அடையாளம் எதுவும் தென்படாத நிலையை மருத்துவர்கள் ‘முழுத் தணிவு’ என்பர். நோய் குறைந்து, ஆயினும் எஞ்சியிருந்தால் அது ‘பகுதித் தணிவு’. தணிவு வேறு, நிரந்தரக் குணம் வேறு. கண்ணுக்குப் புலப்படாத சில செல்கள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், தணிவு கிட்டிய பின்னரும் பல ஆண்டுகள் தொடர் பரிசோதனை தேவைப்படுகிறது.

இந்நிலையை அடையும் பாதை நீண்டது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்களாகப் பல வாரங்கள் நீள்கிறது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மருந்து தேவைப்படலாம். தினக்கூலியை இழந்து இத்தனை முறை நகருக்குச் சென்றுவர ஓர் ஏழைக் குடும்பத்தால் தனியே இயலுமா? நோய் குணமாகும் முன்பே சிலர் சிகிச்சையைக் கைவிடுவதற்கு இதுவே காரணமாகிறது.

அன்பு செய்வதும் செய்யாததும்

அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. வாழ்க்கைத்துணை உள்ளவர்களுக்கு நோய் முற்றுமுன் கண்டறியப்படுவதும், உரிய சிகிச்சை கிடைப்பதும், உயிர் பிழைப்பதும் மற்றவர்களைவிட அதிகம் என்று அது கண்டது.

ஆதரவுக் குழுக்களில் பங்கேற்றால் ஆயுள் நீளும் என்று 1989-இல் ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்ததை அவை கண்டன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அன்பு மருந்துக்கு மாற்று அன்று. மருந்து இருக்கும் இடத்திற்கு மனிதரைக் கொண்டு சேர்ப்பதும், பாதியில் விலகாமல் காப்பதும் அன்பின் பணி. எனவே, தணிவு கிட்டாத ஒருவரிடம் “உமக்கு நம்பிக்கை போதவில்லை” என்று கூறுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும். அவருக்கும் நம் துணை இறுதிவரை உரியது.

இரு முன்னுதாரணங்கள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரத்தை அவர் பொதுப்பணியாக மாற்றினார். பொதுமக்களின் நன்கொடையும் இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியும் சேர்ந்து, 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அடுத்த ஆண்டு அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அதற்கே வாழ்ந்தார்.

தங்கவயலும் ஒரு பாடம் தந்துள்ளது. சுரங்கம் மூடப்பட்டபின் கைவிடப்பட்டுக் கிடந்த சுரங்க மருத்துவமனையை, 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் சில வாரங்களில் தூய்மை செய்து நோயாளிகளுக்காக ஆயத்தப்படுத்தினர். வேலையை இழந்த ஊர் ஒற்றுமையை இழக்கவில்லை.

நாம் செய்யத்தக்கவை

நம் தெருவில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் நாம் எளிய கடமைகளை ஏற்கலாம். மருத்துவமனைக்கு உடன் செல்வதை நான்கு வீட்டார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகத் திட்டம் 2018-இல் வந்தது. இவற்றுக்கான விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பதும் தொண்டே.

இரத்ததானம் செய்யலாம். பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவு அளிக்கலாம். மருந்தேற்றிக்கொண்டவருக்கு இரவில் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு வாகனத்தை முன்னரே ஏற்பாடு செய்து வைக்கலாம். புற்றுநோய் தொற்றுநோயன்று என்பதை உணர்ந்து, அவர் வீட்டில் அமர்ந்து ஒரு குவளை தேநீர் அருந்தலாம்.

மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், உடன் இருப்பவரை நம்பி உழைத்தவர்களின் ஊர் இது. நாளை விடியலில் அந்த இரயிலில் நோயாளியின் பக்கத்து இருக்கை காலியாக இல்லாதிருக்கட்டும்.