"இல்லை" என்று எழுதுவதற்கு முன்



சென்ற மாதம் ஒரு தகப்பனார் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகன் சீருடைப் பணிக்கான தேர்வில் தேறிவிட்டார். முன்நடத்தை விசாரணைப் படிவம் கையில் இருந்தது. கல்லூரி நாளில் பஸ் ஸ்டாண்டில் நடந்த கைகலப்பில் அவர் பெயரில் ஒரு வழக்கு. சமரசமாகி விடுதலையும் ஆகிவிட்டது. "முடிஞ்ச கேஸ்தானே பாய், பிரவுசிங் சென்டர் தம்பி 'இல்லை'ன்னு போடச் சொல்றார்" என்றார். நல்லவேளை, கையெழுத்துக்கு முன்பே வந்தார்.

படிவத்தைப் பொறுமையாகப் படியுங்கள். மத்திய அரசுப் பணிக்கான படிவம் தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா என்றும் கேட்கிறது. விடுதலையானவரும் அதற்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் அதுவே தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருக்கிறது.

நம் மாநிலத் தீயணைப்புத் துறைக்கு விண்ணப்பித்த ஒருவர் மீது, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதாக ஒரு வழக்கு இருந்தது. சிறிய வழக்கு, விடுதலையும் ஆனார். ஆனால் படிவத்தில் மறைத்திருந்தார். உச்ச நீதிமன்றம் வரை போயும் வேலை கிடைக்கவில்லை. இவரை நம்பலாமா என்பதுதான் அதிகாரியின் கேள்வி. பழைய சச்சரவை விட இன்றைய கையெழுத்தே அதற்குப் பெரிய பதிலாகிவிடுகிறது.

2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு விரிவான நெறிகளை வகுத்தது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். கேட்காத தகவலைச் சொல்லவில்லை என்று மறைத்த குற்றம் சுமத்தவும் முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னதாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. முன்நடத்தையை எடைபோடும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தக் கசப்பையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாடு காவல் பணி விதி இன்னும் கடுமை. 'சந்தேகத்தின் பலன்' அளித்து விடுவிக்கப்பட்டவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். ஆகவே விடுதலை என்று கேள்விப்பட்டதோடு நிற்காமல் தீர்ப்பு நகலை வாங்கி, என்ன வார்த்தையில் விடுவித்திருக்கிறார்கள் என்று வக்கீலிடம் காட்டுங்கள்.

மறியலுக்குப் போய், மண்டபத்தில் வைக்கப்பட்டு மாலையில் திரும்பிய பிள்ளைகள் நம் தெருவில் எத்தனையோ பேர். அன்று எஃப்.ஐ.ஆர். போடப்பட்டதா என்பதே பலருக்குத் தெரியாது. படிவம் வருவதற்கு முன்பே ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினால் ஜமாஅத்தில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம்.

அந்தத் தம்பி "ஆம்" என்று எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்து அனுப்பிவிட்டார். விசாரணை நடக்கிறது. உத்தரவு இன்னும் வரவில்லை.