பதில் வராத கைப்பிரதி

அன்புள்ள தம்பிக்கு,

நாவலை அனுப்பிவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடப்பதாக எழுதியிருந்தாய். பிடிக்கவில்லை என்றாவது ஒரு வரி போடக்கூடாதா என்ற உன் கோபம் நியாயமானது. ஆனால் அந்த மௌனத்தை உன் எழுத்துக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. நம் பதிப்பகங்கள் பலவற்றில் கைப்பிரதி படிக்கவென்று தனி ஆள் கிடையாது. அச்சகத்துக்கு அலைந்து, கூரியர் கட்டி, கணக்கும் பார்க்கிறவர்தான் உன் நாவலையும் படித்தாக வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால், அதற்கு முந்தைய மாதங்கள் மெய்ப்பிலும் அட்டையிலுமே போய்விடும். இனி அனுப்புவதானால் பொங்கல் கழிந்து அனுப்பு. கொஞ்ச நாள் விட்டு மரியாதையாக நினைவுபடுத்து. காத்திருப்பு பெரிய எழுத்தாளர்களுக்கும் உண்டு: சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி' இதழில் தொடராக வந்தது. இதழ் நின்றதும் பாதியில் நின்றுபோனது. நூலானது 1966-இல்தான்.

எனக்குக் கவலை, காத்திருந்து சலித்துப்போன மனசைப் பற்றித்தான். "நூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொண்டால் உடனே போட்டுவிடலாம்" என்ற பேச்சு அப்போதுதான் தேனாக இனிக்கும். சொந்தக் காசில் நூல் போடுவதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் காசு உன்னுடையது என்றால் உரிமையும் உன்னிடமே இருக்கட்டும். இப்போது தேவைக்கேற்பச் சில பிரதிகள் மட்டும்கூட அச்சடிக்கலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குப் பதிப்பாளர் தனிக் கட்டணம் கேட்டால் ஏனென்று கேள்.

ஒப்பந்தம் வந்தால் நிதானமாகப் படி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளன் பக்கம் நிற்கிற சட்டம். எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எங்கே என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால், "மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் உள்ளிட்ட சகல உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு வரி அச்சாகியிருந்து, அதன் கீழே நீ கையெழுத்திட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு உனக்கு உதவாது. புத்தகம் வந்தால் போதும் என்ற அவசரத்தில் கண் தாண்டிப்போகிற வரி அதுதான். அச்சுரிமையை மட்டும் கொடு, ஆண்டுக்கணக்கு வைத்துக் கொடு. ராயல்டி எத்தனை சதவீதம், விற்பனைக் கணக்கு எந்த மாதம் வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதே. நல்ல பதிப்பாளர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு நகலை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாலும் சரி, வரி வரியாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்