பிழை கண்டார்க்குப் பரிசு

டொனால்டு கனூத் என்பார் அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியல் கற்பித்த பேரறிஞர். 1977-ஆம் ஆண்டில் தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்குரிய அச்சுப்படிகள் அவர் கைக்கு வந்தன. எழுத்துகள் கண்ணுக்கு இனியவாய் இல்லை. மனம் வருந்திய அவர், கணிதக் குறியீடுகள் மலிந்த நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் மென்பொருளொன்றைத் தாமே இயற்றத் துணிந்தார். அதுவே 'டெக்' எனப் பெயர் பெற்றது.

மென்பொருளாவது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி. இயற்றியவர் நெஞ்சிலிருந்த கருத்தை, பின்னாளில் அதனைத் திருத்த வருவோன் எங்ஙனம் அறிவான்? விளக்கமில்லாக் கட்டளைத் தொகுதி உரையில்லாச் சூத்திரம் போல்வது. ஆண்டு சில கழியின் இயற்றியவர்க்கே பொருள் புலப்படாது. இஃதறிந்தும், மென்பொருள் நிறுவனங்கள் பல விளக்கம் எழுதுதலை இறுதிநாள் வேலையாக ஒதுக்கிவிடுகின்றன. கனூத் அவ்வாறு செய்திலர். கட்டளையையும் விளக்கத்தையும் ஒருங்கே பின்னி எழுதும் முறையொன்றை வகுத்தார். டெக்கின் கட்டளைகள் முழுதும் அம்முறையில் விளக்கத்துடன் 1986-இல் நூலாக வெளிவந்தன. பயன்படுத்துவோர்க்குரிய கையேட்டையும் பிறரிடம் விடாது தாமே எழுதினார். அமைத்தல், பயன்படுத்தல், கையேடு வரைதல் ஆகிய எல்லாவற்றிலும் தாமே ஈடுபட்டிராவிடின் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் நிகழ்ந்தே இரா என்பது அவர் பின்னர்க் கண்ட முடிபு.

ஆயினும் ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பிழை பலர் கண்ணுக்குத் தப்பாது. டெக்கைக் கையாள்வோர் பிழை கண்டு தெரிவிப்பின், முதலிற் கூறியவர்க்குக் காசோலை அனுப்பும் வழக்கத்தைக் கனூத் மேற்கொண்டார். தொடக்கத்தில் பரிசு 2.56 டாலர். 256 என்பது 16-ஐ 16-ஆற் பெருக்க வருவது. கணிப்பொறியாளர்க்கு உவப்பான எண். ஆண்டுதோறும் இரட்டித்த அத்தொகை 327.68 டாலரில் நிறுத்தப்பெற்றது. காசோலை பெற்றோருட் பலர் அதனைப் பணமாக மாற்றாது, சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர்! வங்கிக் கணக்கில் மோசடி நேரலாம் என்னும் அச்சத்தால் 2008-இல் காசோலை நின்றது. கற்பனை வங்கியொன்றின் பெயரால் சான்றிதழ் வழங்கலாயினார்.

வந்த குறைகளை அவர் மறைத்தாரில்லை. பத்தாண்டுகளில் டெக்கிற் செய்த திருத்தங்களையெல்லாம் பட்டியலிட்டு 1989-இல் கட்டுரையாக வெளியிட்டார். தம் பிழைகளைத் தாமே எண்ணி அச்சேற்றும் ஆசிரியர் மிக அரியர்.

மூன்றாம் பதிப்புக்குப்பின் டெக் திருத்தம் பெறுந்தோறும், அதன் பதிப்பெண்ணில் 'பை' என்னும் கணித மாறிலியின் இலக்கம் ஒன்று கூடி வருகின்றது. 2021-இல் அது 3.141592653 ஆயிற்று. தம் காலத்துக்குப்பின் பதிப்பெண் 'பை' எனவே நிற்றல் வேண்டும் என்றும், எஞ்சிய பிழைகள் அதன் இயல்பாகவே கொள்ளப்படும் என்றும் அவர் அறிவித்துள்ளார்.