ரெயூனியனில் பூட்ஸைத் தட்டிவிட்டு நடங்கள்

ரெயூனியன் தீவுக்குப் போகப்போகிறேன் என்றால் எல்லாரும் கேட்பது, "எரிமலை பொங்குமா?" என்றுதான். பொங்கும். பித்தோன் த லா ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. பொங்கத் தொடங்கினால், எரிமலையைச் சூழ்ந்த பெரும்பள்ளத்துக்குள் இறங்கும் பாதையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதை ஏறிக் குதித்து வீடியோ எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கு ஏதாவது ஆனால் உயிரைப் பணயம் வைத்துத் தேடப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

கதவு திறந்திருக்கும் நாளில் விடியற்காலையிலேயே இறங்கிவிடுங்கள். வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடிவிடும். கரும்பாறையில் வழி காட்டுவது வெள்ளை பெயிண்ட் புள்ளிகள்தான். அவற்றை விட்டு நகராதீர்கள். குனிந்து பாருங்கள், உறைந்த எரிமலைக் குழம்பின்மேல் சாம்பல் தூவினாற்போல் ஏதோ ஒட்டியிருக்கும். அது லைக்கன். வெறும் பாறையில் முதலில் குடியேறுவது அதுதான். பெரணியும் செடியும் அதற்குப் பிறகே. பல வருட வளர்ச்சியை ஒரு பூட்ஸ் ஒரே மிதியில் தேய்த்துவிடும்.

பூட்ஸ் என்றதும் இன்னொன்று. மலையேறும் முன்பு அடிப்பகுதிப் பள்ளங்களைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்வேன். வேறு ஊர் விதை ஒன்று சேற்றோடு அதில் ஒட்டியிருந்தால் போதும், இங்கே பரவிவிடும். நடுக்கடலில் எழுந்த தீவு இது. இதன் பழைய செடிகொடிகள் எல்லாம் காற்றிலும் அலையிலும் பறவை வயிற்றிலும் வந்தவை. மனிதன் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சிறு கொய்யா இன்று காட்டுமரங்களை நெருக்கித் தள்ளுகிறது. பழம் என்னவோ ருசிதான், தாராளமாகத் தின்னுங்கள்.

மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே இல்லை. நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அங்குள்ள குடியிருப்புகளுக்கு அரிசி, கேஸ் சிலிண்டர், பீர் எல்லாம் வானத்தில்தான் வருகின்றன. இது தெரிந்த பிறகு அங்கே குளிர்பானம் வாங்க எனக்குக் கை வருவதில்லை. விடுதியில் இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அளவாகச் சமைப்பார்கள், வீணாகாது. சோறும் பருப்பும் கறியும் ருகாய் என்னும் காரத் தொக்கும் வரும், நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. குப்பையை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். பிஸ்கட் கவரானாலும் உங்கள் பையிலேயே திரும்பட்டும். சுற்றிப் பார்க்க மட்டும் ஹெலிகாப்டர் ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் இரைச்சலை மூட்டை சுமந்து நடக்கும்போது கேட்டுப் பாருங்கள், புரியும்.

கடலில் குளிக்க மேற்குக் கரையின் பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத பகுதிக்குப் போங்கள். வெளிக்கடலில் சுறா உண்டு. சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். பவளத்தின்மேல் நிற்கவே கூடாது.

ஏப்ரலில் போனால் தங்கும் அறையின் வெளி விளக்கை அணைத்துவிடுங்கள். மலை உச்சிகளில் கூடு கட்டும் பரோ பெட்ரெல் பறவையின் குஞ்சுகள் முதன்முதலாகக் கடலுக்குப் பறக்கும் காலம் அது. விளக்கு வெளிச்சத்தில் திசை தெரியாமல் தெருவில் விழுகின்றன, மறுபடி எழும்ப முடிவதில்லை. கண்ணில் பட்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, தங்குமிடத்தாரிடம் சொல்லுங்கள். யாரிடம் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

நம்மவர்களுக்காக ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் சந்ததியினர் இங்கே ஏராளம். சேந்த் ஆந்த்ரே பக்கம் கோயில் கோபுரம் கண்ணில் படும், தீமிதி நடக்கும். பெரும்பாலோருக்கு இன்று தமிழ் பேசவராது. "ஏன் தமிழ் மறந்துவிட்டது?" என்று விசாரணை நடத்தாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். படம் எடுக்கலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள். வேண்டாமென்றால் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.