பதிவேடு சுத்தமாக இருந்த நாடு

கேள்வி: ஐயா, மகளுக்கென்று ஆன் ஃபிராங்கின் டைரியை வாங்கி, நானே ஒரே மூச்சில் படித்து முடித்தேன். யூதர்களுக்காக நெதர்லாந்தில் வேலைநிறுத்தமே நடந்தது என்கிறார்கள். ஆனால் மேற்கு ஐரோப்பாவில் அங்கேதான் அதிகம் பேர் செத்தார்களாம். யூதர்களைத் தன் போலீஸை வைத்தே பிடித்துக் கொடுத்த பிரான்ஸில் பெரும்பாலோர் பிழைத்துவிட்டார்களாம். இதென்ன கணக்கு?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட எல்லாமே சரிதான் அம்மா. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் மூன்றும் 1940 மே மாதம் தொடங்கிய ஒரே ஜெர்மன் படையெடுப்பில் விழுந்தவை. நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறத்தாழ 1,02,000 பேர் கொல்லப்பட்டார்கள். நூறு பேரில் எழுபதுக்கும் மேல். பெல்ஜியத்தில் நூற்றுக்கு நாற்பது, பிரான்ஸில் இருபத்தைந்து.

மக்களின் மனசை வைத்து இதற்கு விடை தேடினால் கிடைக்காது. 1941 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் டிராம்கள் ஓடவில்லை, துறைமுகத்தில் வேலை நின்றது. யூத இளைஞர்களைத் தெருவில் அடித்து இழுத்துப் போனதற்கான எதிர்ப்பு அது. இரண்டே நாளில் துப்பாக்கியால் அடக்கிவிட்டார்கள். அதே ஊரின் நகராட்சி ஊழியர்கள், வேலைநிறுத்தம் முடிந்து சில மாதங்களுக்குள் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை யூதர்கள் என்று காட்டும் படம். ஒரு கரும்புள்ளிக்குப் பத்துப் பேர். வரைந்தவர்கள் நாஜிகள் அல்ல. கேட்டதைச் செய்து கொடுத்துப் பழகிய குமாஸ்தாக்கள்.

என்னைக் கேட்டால், விடையின் பெரும்பகுதி அந்தப் படத்தில்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் மக்கள்தொகைப் பதிவேடு அவ்வளவு சுத்தம். யாகோப் லென்ட்ஸ் என்ற அதிகாரி, போலியாகச் செய்வதற்கு மிகவும் கடினமான ஓர் அடையாள அட்டையைப் போருக்கு முன்பே வடிவமைத்திருந்தார். குடிமக்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதாகும் என்று டச்சு அரசே அதை வேண்டாமென்றது. ஜெர்மானியர்கள் வந்தார்கள், அட்டையும் வந்தது. யூதர்களின் அட்டையில் மட்டும் பெரிதாக ‘ஜே’ என்ற எழுத்து. 1941 ஜனவரியில் யூதர்களைப் பதிந்துகொள்ளச் சொன்னபோது கிட்டத்தட்ட எல்லோருமே போய்ப் பதிந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த அரசு அவர்களுக்குத் துரோகம் செய்ததில்லையே, ஏன் பயப்பட வேண்டும்?

1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடுப்பில் போன ஒரு குழு ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தது. நெருக்கி அடுக்கிய அட்டைகள் லேசில் எரியாதென்று, இழுப்பறைகளைத் திறந்து தரையில் கொட்டிப் பற்றவைத்தார்கள். தீயணைப்புப் படை வேண்டுமென்றே தாமதித்து, தேவைக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சி இன்னும் கொஞ்சத்தை நாசமாக்கியதாம். ஆனாலும் பெரும்பகுதி தப்பிவிட்டது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச்சென்ற ரயில்களோ அதற்குள் எட்டு மாதத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தன.

பெல்ஜியத்து யூதர்களில் பெரும்பாலோர் குடியுரிமையே இல்லாதவர்கள், போலந்து போன்ற இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சர்க்கார் முத்திரையைக் கண்டாலே சந்தேகம். ஆரம்ப மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் சிக்கினார்கள்; மிச்சப்பேர் உத்தரவு வந்தால் ஆஜராகாமல் தலைமறைவானார்கள். மறைத்துவைக்க ஒரு ரகசியக் கமிட்டியும் இருந்தது. 1943 ஏப்ரல் 19 இரவு, மூன்று இளைஞர்கள் ஒரு ராந்தலில் சிவப்புத் தாளைச் சுற்றித் தண்டவாளத்தில் வைத்து, ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போகும் ரயிலையே நிறுத்தினார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைத்துப்பாக்கி. அவர்கள் திறந்துவிட்டது 17 பேரை. அந்த இரவில் தாமாகவே குதித்தவர்களையும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும்.

இதை வைத்து பெல்ஜியர்களை மெச்சிவிடவும் முடியாது. யூதர்கள் உடையில் அணிய வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை விநியோகிக்க பிரஸ்ஸல்ஸ் நிர்வாகம் மறுத்தது. அன்ட்வெர்ப் போலீஸோ ஆள்பிடிக்கக் கூடவே போனது. அன்ட்வெர்ப்பில் செத்தவர்களின் விகிதம் பிரஸ்ஸல்ஸை விட மிக அதிகம். ஒரே நாட்டுக்குள்ளேயே!

யார் ஆண்டார்கள் என்பதும் முக்கியம். பெல்ஜியத்தில் ராணுவ ஆட்சி. ஊர் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள். நெதர்லாந்திலோ ராணி லண்டன் போய்விட, ஸைஸ்-இன்க்வார்ட் என்ற ஆஸ்திரிய நாஜியும் எஸ்.எஸ். ஆட்களும் நிர்வாகத்தின் தலையில் வந்து உட்கார்ந்தார்கள்.

பிரான்ஸில் 1942 ஜூலையில் இரண்டே நாளில் பாரிஸில் சுமார் 13,000 பேரைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்தான். ஆனால் அடுத்த மாதமே துலூஸ் பேராயர் சாலியேஜின் கண்டனக் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. ஜெர்மானியரோடு ஒத்துழைத்த விஷி என்ற பிரெஞ்சு அரசு தயங்க ஆரம்பித்தது. வெளிநாட்டு யூதர்களைக் கொடுத்துவிட்டு, சொந்தக் குடிமக்கள் விஷயத்தில் இழுத்தடித்தது. அதைக் கருணை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாடும் பெரியது, மலைக் கிராமங்கள், தெற்கே இத்தாலியர் பிடியில் இருந்த பகுதி என்று ஒளிய இடமிருந்தது. தட்டையான நெதர்லாந்தில் எந்தக் காட்டுக்குள் போவது?

ஆன் ஃபிராங்க் ஏறிய ரயில், நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் போன கடைசி ரயில். அது கிளம்பியது 1944 செப்டம்பர் 3. அன்றைக்குத்தான் நேச நாட்டுப் படை பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்தது.